இருநூறு மல்லி

போன வெள்ளிக்கிழமை நான் ஓய்வு பெற்றேன். வயது முப்பத்திரண்டு. முழங்கால் நன்றாக இருக்கிறது, பல்லெல்லாம் என்னுடையதுதான். ஆனால் நாற்றுப்பண்ணையில் என்னை வழியனுப்பக் கொண்டுவந்த கேக்கில் ‘இனிய ஓய்வு வாழ்த்துகள்’ என்று ஆங்கிலத்தில் க்ரீமால் எழுதியிருந்தது. யாரோ ஒரு பெரியவருக்காகச் செய்து, வாங்க ஆள் வராமல் சூப்பர்மார்க்கெட்டில் பாதி விலைக்கு வைத்திருந்த கேக்காம். எழுதியதைச் சுரண்டிவிடலாம் என்றார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். திங்கட்கிழமை முதல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி பகுதியில் ஒரு அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பூங்காக்களுக்குப் படம் வரையப் போகிறேன். மண்ணைத் தொடாத வேலை. ஏழு வருடம் குனிந்தவனுக்கு அது ஓய்வுதானே?

கேக் வெட்டும்போது புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தொட்டி நிரப்பும் மேசைக்கு மேலே, சுவரில், ‘மல்லி கூடாது’ என்று பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, அது என்ன? ஒருவன் அதை ஏதோ பூச்சியின் பெயர் என்று நினைத்திருந்தானாம். இன்னொருத்தி, மல்லி என்ற பெண்ணை வேலையிலிருந்து துரத்தியிருக்கிறார்கள் போல என்று ஆறு மாதமாக அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாளாம். கையில் கேக் கத்தியோடு பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. முழுதும் இதோ.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்கள். அப்பா கவாத்து வெட்டுவார், அம்மா பூப்பறிப்பார். செடியிலிருந்து தப்பித்துக்கொள்ளட்டும் என்றுதான் என்னைப் படிக்க அனுப்பினார்கள். நான் செடியையே படித்தேன். தோட்டக்கலையில் பட்டம், பிறகு ஆக்லாந்து வந்து ஒரு டிப்ளமோ. வேலை கிடைத்ததும் போன் செய்தேன்.

“என்ன வேலைடா?” என்றார் அப்பா.

“நாத்து வளர்க்கிறதுப்பா.”

“அதுக்கு ஏரோப்பிளேன்ல போகணுமா?” என்றார்.

படித்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பகலில் வகுப்பு, மாலையில் பெட்ரோல் பங்க், மனுரேவாவில் நான்கு பேருக்கு ஒரு வீடு. படிப்பு முடிந்தபோது எந்த இலையைக் காட்டினாலும் லத்தீன் பெயர் சொல்வேன். ஒரு தட்டு நாற்றைச் சிந்தாமல் தூக்கத் தெரியாது.

பண்ணையில் சேர்ந்தது ஜூன் முதல் வாரம். இந்த நாட்டில் புதிதாகச் சேர்ந்தவனை முதல் தொண்ணூறு நாளுக்குள் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். வேலை போனால் என் விசாவும் அதன் பின்னாலேயே போகும். அந்த ஒரு வரியைத்தான் நான் தினமும் படித்தேன். சமையலறைக் காலண்டரில் தொண்ணூறாவது நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். செப்டெம்பரின் முதல் வெள்ளிக்கிழமை.

பண்ணைக்குச் சொந்தக்காரர் கிரெக். ஆறடிக்கு மேல் உயரம், நடுங்கும் குளிரிலும் அரைக்கால் சட்டை. எதைக் கேட்டாலும் ‘யா, நா’ என்று ஆரம்பிப்பார். அதாவது, ஆமா, இல்லை. முதல் வாரம் முழுக்க நான் ‘ஆமா’வோடு எழுந்து போய்விடுவேன், ‘இல்லை’ பின்னாலேயே ஓடி வரும். பெரும்பாலும் இல்லை என்றுதான் பொருள் என்று பிறகு புரிந்தது. அந்தப் ‘பெரும்பாலும்’தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு நேர் மேலதிகாரி ரதி அக்கா. நாற்று வீட்டின் பொறுப்பு முழுக்க அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். முதல் நாளே என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“தம்பி இந்தியாவோ?”

“ஆமாங்க மேடம்.”

“மேடம் ஆர்? நான் ரதி அக்கா. அப்ப நாங்கள் தமிழிலயே கதைப்பம். இங்கிலீசு கதைச்சு எனக்கு வாய் உளையுது.”

எனக்குக் கண்ணீர் வராத குறை. ஆக்லாந்தில் தமிழில் வேலை பார்க்கப் போகிறேன், இனி எதுவும் தவறாகப் புரியாது என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் “கெதியா வாரும்” என்றார். நான் பயந்துபோனேன். அவர் ‘சீக்கிரம்’ என்கிறார், எனக்கோ ஏதோ கதி நேரப்போகிற மாதிரிக் காதில் விழுந்தது. மேசை மாற்றலாமா என்று கேட்டால் “பாப்பம்” என்பார். எங்கள் ஊரில் ‘பார்ப்போம்’ என்றால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் ‘பாப்பம்’ என்றால் சாயங்காலத்துக்குள் மேசை மாறியிருக்கும். ஆக, எனக்கு மேலே இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஆங்கிலத்திலும் ஒருவர் தமிழிலும் பேசினார்கள். இருவர் சொன்னதும் எனக்குப் புரியவில்லை.

ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்க்க மொழி வேண்டாம். முதலில் எனக்குக் கொடுத்தது டாஃப்னி. குளிர்காலக் கடைசியில் பூக்கிற சின்னப் புதர். கொத்துக்கொத்தாக வெளிறிய ரோஸ் நிறம், ஒரு கிளை பூத்தால் ஒரு தெருவே மணக்கும். அதன் வேரைக் கலைத்தால் செத்துப்போகும், உடனே சாகாது, விற்ற பிறகு வாடிக்கையாளர் வீட்டில் போய்ச் சாகும். அதைப் பெரிய தொட்டிக்கு மாற்ற அக்கா ஒரு முறை வைத்திருந்தார். ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர் விட வேண்டும். பெரிய தொட்டிக்குள் செடி இருக்கிற அதே அளவில் ஒரு காலித் தொட்டியை வைத்து, சுற்றிலும் மண்ணைப் போட்டு, காலித் தொட்டியை உருவிவிட வேண்டும். அச்சில் வார்த்த மாதிரி ஒரு பள்ளம் நிற்கும். பிறகு செடியின் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, உள்ளங்கையால் மண்ணை மூடி, கவிழ்த்து, மேசை விளிம்பில் மூன்றே தட்டு. வந்ததை அப்படியே பள்ளத்தில் இறக்க வேண்டும். கட்டை விரலால் அமுக்கக் கூடாது. தொட்டியை ஒரு தரம் தூக்கி மேசையில் மெதுவாகப் போட்டால் மண் தானாக அமரும்.

“விளங்குதோ? கெதியாச் செய்யும், ஆனா அவசரப்படாதேயும்.”

“அமுக்கினா என்னக்கா ஆகும்?”

“உம்மை ஆரும் அமுக்கினா நீர் வளருவீரோ?”

கடைசியில் கை கழுவ வேண்டும். அந்த அழகுக்கு உடம்பெல்லாம் விஷம்.

ஜூலை நடுவில் நான் மனுரேவா வீட்டின் பின்பக்கம் கத்தரியும் வெண்டையும் விதைத்தேன். ஏன் என்று அக்கா கேட்டார். ஆடி மாதம் பிறந்துவிட்டது, விதைக்கிற மாதம் என்றேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இங்கே ஆடிதான் இருப்பதிலேயே குளிரான மாதம். விதைகள் என்னை நம்பி மண்ணுக்குள் போய்த் திரும்பி வரவே இல்லை. தக்காளி, கத்தரியெல்லாம் அக்டோபர் கடைசியில் வரும் நீண்ட வார இறுதி விடுமுறைக்குத்தான் வெளியே நடுவார்கள். அதற்கு முன்னால் குளிரைத் தாங்குகிறதை மட்டும் போடலாம்: பட்டாணி, கீரை, முளைவிட்ட உருளைக்கிழங்கு. இன்னும் ஒன்று உண்டு. அதுதான் கதை.

ஜூலைக் கடைசி வெள்ளியன்று அக்கா இரண்டு வாரம் விடுமுறையில் சிட்னிக்குக் கிளம்பினார், தங்கை வீட்டுக் கல்யாணம். போகும் முன் ஒவ்வொரு நாளைக்கும் செய்ய வேண்டியதைக் காகித ஒட்டுப்பட்டையில் கறுப்பு மார்க்கரால் தமிழில் எழுதி, நாற்று வீட்டின் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினார். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான், வேறு யாரும் படிக்க வேண்டியதில்லை.

மறுநாள் சனிக்கிழமை, என்னை விற்பனைப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அந்த வருடம் எல்லாமே அவசரத்தில் இருந்தது. மக்னோலியா ஒரு இலைகூட இல்லாமல் பூத்து நின்றது, புடவை கட்டுவதற்கு முன்னால் நகையைப் போட்டுக்கொண்ட மாதிரி. கோஃபாய் மரத்து மஞ்சள் பூவில் டூயி பறவைகள் தேன் குடித்துவிட்டு ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. தேயிலைக்கு ஒன்றுவிட்ட சகோதரியான கமேலியாவின் உதிர்ந்த பூக்களை நான் வாளியில் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றன்றே பொறுக்காவிட்டால் அழுகல் நோய் மண்ணில் தங்கி அடுத்த வருடப் பூவுக்கும் வரும். அப்போது கிளென் ஈடனிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மா டாஃப்னி முன்னால் கண்ணை மூடி நின்றுவிட்டார்.

“தம்பி, இதத் தலையில வைக்கலாமா? ஆடி வெள்ளிக்கு வெறுந்தலையோட விளக்கேத்த ஒரு மாதிரி இருக்கு.”

“இதுல விஷம் இருக்குங்க. பால் பட்டா தோல் அரிக்கும்.”

“தலைக்குத்தானேப்பா. திங்கவா போறேன்?”

“வேண்டாங்க.”

“அப்ப மல்லி இருக்கா? எங்க வேலியில ஒண்ணு தானா பூத்துக் கொட்டுது, அதக் காட்டுல பரவுற களைன்னு சொல்லி வெட்டச் சொல்றாங்க.”

நம்ம ஊர் மல்லி விற்பனைக்கு இல்லை என்றேன். “மூக்குக்கு மட்டும் வச்சுக்கறேன்” என்று டாஃப்னியை வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகும் எனக்கு அந்தக் குறை போகவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் பட்டையைப் படித்தேன். ‘மல்லி 200. சின்னச் சட்டி. சூட்டு மேசை. செப். முதல் வெள்ளிக்குத் தேவை.’

மல்லித்தூள் எங்கள் வீட்டிலும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலக்கோட்டையில் பிறந்தவன், முந்தாநாள்தான் மல்லிப் பூ இல்லை என்று ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்பியவன், கண்ணுக்கு முன்னால் நாற்று வீட்டு மூலையில் அக்கா சொந்தமாக வளர்க்கிற எட்டுக் குண்டுமல்லிச் செடிகள். வேறு எதை நினைப்பேன்? வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் வேலையும் என் படிப்பும் ஒரே மேசைக்கு வந்திருந்தன. கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலையைக் கிள்ளி, வேர் பிடிக்க வைக்கும் பொடியில் தொட்டு, ஒவ்வொன்றாகச் சட்டியில் செருகி, அடியிலிருந்து சூடேறும் அந்த மேசையில் வைத்தேன். பாட்டுப் பாடினேன் என்றுகூட நினைக்கிறேன். ஒன்றரை நாளில் இருநூறு. எட்டுச் செடிகளும் குச்சியாக நின்றன. கவாத்துக்கும் இதுதான் சரியான பருவம் என்று அவற்றுக்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா கைப்பையோடு நாற்று வீட்டுக்குள் வந்தார். சூட்டு மேசையைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். பையை இறக்கவில்லை.

“தம்பி.”

“அக்கா, எல்லாம் உயிரோட இருக்கு. ஒண்ணுகூடப் போகல.”

“என்ர பிள்ளையள் எட்டுப்பேருக்கும் மொட்டை அடிச்சிருக்கிறீர். திருப்பதிக்கு நேர்த்தி வைச்சனீரோ?”

“நீங்கதானே மல்லி இருநூறுன்னு...”

“மல்லி எண்டால் மல்லி. ரசத்துக்குப் போடுறது. தடிமன் காய்ச்சலுக்கு அவிச்சுக் குடிக்கிறது. பூவெண்டால் நான் மல்லிகை எண்டெல்லோ எழுதியிருப்பன்.”

அவர் எழுதியிருந்தது இதைத்தான்: வசந்தம் தொடங்கும் அந்த வார இறுதிக்காக ஒரு தோட்டக் கடை கேட்டிருந்த இருநூறு சட்டிக் கொத்தமல்லி. குளிரில் போடக்கூடிய கீரை, அதுவும் விற்கிற அளவுக்கு வளர ஆறு வாரம் வேண்டும். மிச்சம் இருந்ததோ இருபத்தைந்து நாள். அந்த இருபத்தைந்தாவது நாள்தான் என் காலண்டரில் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது.

“கிரெக்கிட்ட சொல்லிடலாம்க்கா. நானே சொல்றேன்.”

“சொல்லுவம். முளைச்ச பிறகு சொல்லுவம். வெறும் மண்ணைக் காட்டி என்னத்தைச் சொல்லுறது?”

“இருபத்தஞ்சு நாள்ல வருமாக்கா?”

“பாப்பம்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முதல் தடவையாக உயிர் வந்தது.

மல்லி விதை என்று நாம் சொல்வது ஒரு விதை அல்ல, ஒரு உருண்டைக்குள் இரண்டு பேர். உடைக்காமல் போட்டால் யார் முதலில் வெளியே போவது என்று உள்ளேயே நாள் கடத்துவார்கள். அக்கா சாப்பாட்டு அறை மேசையில் துணி விரித்து விதையைக் கொட்டினார். ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொடுத்து உருட்டச் சொன்னார். நசுங்கக் கூடாது, பிளக்க மட்டும் வேண்டும். சப்பாத்திக்கு மாவு தேய்ப்பதில் பாதி அழுத்தம். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு இரவு, வடித்து ஈரத்துணியில் ஒரு நாள். அந்தப் பக்கம் வந்த கிரெக் மூக்கை உறிஞ்சி, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டுவிட்டுப் போனார். ரசம் என்று நான் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் நாள் முழுக்க எனக்கு ரசம் வைத்த மாதிரியே வியர்த்தது.

வழக்கமாக ஒரு சட்டிக்கு எட்டு விதை என்றால் நாங்கள் பதினைந்து போட்டோம். உயரம் வராவிட்டாலும் அடர்த்தி வரட்டும் என்று அக்கா சொன்னார். ஏழாம் நாள் காலையில் மண் விரிசல் விட்டு, கூன் முதுகோடு பச்சையாக முளைகள் தலைகாட்டின. நான் அக்காவைப் போனில் கூப்பிட்டு, “வந்துருச்சுக்கா” என்றேன். “ஓம், நானும் வாறன், பஸ்ஸில நிக்கிறன்” என்றார். அதற்குப் பிறகு தினமும் வாசலைத் திறந்து வெளியே தூக்கி வைப்பது, குளிர் ஏறினால் உள்ளே தூக்குவது. நாற்று வீட்டுக்குள் வளர்ந்ததை வெளிக்காற்றுக்குப் பழக்கினால்தான் கடை வெயிலில் சாயாமல் நிற்கும். பத்துத் தட்டு, நாளைக்கு இரண்டு தரம். நாற்றைச் சிந்தாமல் தூக்க அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறாவது நாள் காலையில் கிரெக் கையில் என் ஒப்பந்தத்தோடு நாற்று வீட்டுக்கு வந்தார். வேன் ஓட்டும் நாயுடு அண்ணன் சரக்கு ஏற்ற வாசலில் நின்றார். பிஜியில் பிறந்தவர், தாத்தாவின் தாத்தா தென்னிந்தியா. அவருக்குத் தமிழில் ‘வா’, ‘போ’, ‘சாப்பாடு’ மூன்றும் தெரியும், மற்றதெல்லாம் இந்தி. கொத்தமல்லி ஒரு சாண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் நீளம்தான், ஆனால் சட்டி தெரியாத அளவுக்கு அடர்த்தி. கிரெக் ஒரு இலையைக் கிள்ளி மென்றார். தலையாட்டினார். பிறகு சூட்டு மேசைப் பக்கம் திரும்பி, இந்த இருநூறு குச்சிகள் என்ன என்று கேட்டார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தான் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போனதாகவும், அந்தச் சொல் ‘மல்லி’ என்றும், அதிலிருந்து குழப்பம் வந்ததாகவும். கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருந்த பட்டையைக் காட்டினார்.

“சரி, மல்லி என்றால் உண்மையில் என்ன?” என்று கிரெக் கேட்டார்.

அது சின்னக் கேள்வி இல்லை. பூ என்றால் தவறு அக்காவுடையது. தழை என்றால் என்னுடையது. என்னுடைய ஒப்பந்தம் அவர் கையில் மடிந்திருந்தது. நான் “கொத்தமல்லி” என்றேன். அதே நொடியில் அக்கா “மல்லிகை” என்றார். ஒருவரையொருவர் முறைத்தோம்.

“நீர் பொய் சொல்லுறீர்” என்று அக்கா எனக்குக் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னார். “நீர் வாயை மூடும்.”

“நீங்கதான்க்கா பொய் சொல்றீங்க.”

கிரெக் வாசலைப் பார்த்தார். நாயுடுவும் அந்தப் பக்கத்து ஆள்தானே, அவரே சொல்லட்டும் என்றார். நாயுடு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு மிகுந்த நிச்சயத்தோடு ஆங்கிலத்தில், “மாலி. தோட்டக்காரன்” என்றார். “வெள்ளிக்கிழமைக்கு இருநூறு தோட்டக்காரன் வேணும்னு எழுதியிருக்கு.”

இந்தியில் அப்படித்தானாம். கிரெக் ஒரு பழைய அட்டையை எடுத்து, பின்பக்கத்தில் ‘மல்லி கூடாது’ என்று பெரிதாக எழுதி, மேசைக்கு மேலே ஒட்டினார். இன்று வரை இருக்கிற அந்தத் தாள் அதன் நகல்தான். பிறகு என் ஒப்பந்தத்தை விரித்தார்.

“யா, நா,” என்றார்.

இந்தத் தடவை நான் ‘ஆமா’வோடு கிளம்பாமல் ‘இல்லை’க்காக நின்றேன்.

“இருநூறு தோட்டக்காரர் எனக்குக் கட்டாது. ஒரு ஆள் போதும்.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு குளிருக்குள் போய்விட்டார்.

அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “போம், வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லும். கெதியா வாரும், பத்துத் தட்டும் ஏத்தோணும்.”

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விடியவில்லை. அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்தார், படத்தில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

“அம்மா, வேலை நிரந்தரமாயிருச்சும்மா.”

“நல்லதுடா சாமி. சாப்பிட்டியா? ஏன்டா மூச்சு வாங்குது?”

“ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா, அதுக்கப்புறமும் வச்சுக்கிட்டாங்க. அக்கா மல்லி இருநூறு போடுன்னு எழுதி வச்சிட்டுப் போயிருந்தாங்க...”

விளக்கு ஒரு கணம் ஆடாமல் நின்றது.

“மல்லின்னா,” என்றார் அம்மா, “பூவா தழையான்னு கேட்டியா?”